மொழி தெரியாத அம்பயர்

மத்திகிரியில் எங்கள் லைன் வீட்டுக்காரர்களுக்கும் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆனேக்கல்காரர்களுக்கும் பொங்கலுக்குப் பொங்கல் கிரிக்கெட் நடக்கும். நடக்கும் என்றால், பாதி நடக்கும். மீதிப் பாதி சண்டை. முந்தைய வருடம் ஒரு ரன் அவுட் தகராறில் ஸ்டம்பு பறந்து வந்து சித்தப்பாவின் நெற்றியில் தையல் விழுந்தது. “இன்னொரு வாட்டி மண்டைய ஒடச்சிக்கிட்டு வந்தீன்னா வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம், சொந்த ஊரு ஊத்தங்கரைக்கே பஸ் ஏத்தி விட்டுடுவேன்” என்று அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். சித்தப்பா இல்லாத வீட்டை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

எங்கள் ஆள் அம்பயர் என்றால் அவர்கள் நம்ப மாட்டார்கள். அவர்கள் ஆள் என்றால் நாங்கள். ஆகவே இந்த முறை சித்தப்பா தன் கம்பெனியிலிருந்து ஒடிசாக்கார அண்ணன் ஒருவரை அழைத்து வந்தார்.

“இவருக்குத் தமிழும் வராது, கன்னடமும் வராது. கையக் காட்டுவாரு, அவ்ளோதான். இவர்கிட்ட எவன் போய் வாதாடுவான்?”

ஆனேக்கல் கேப்டன், தாடிக்காரர், உடனே தலையாட்டிவிட்டார். எல்லோருக்கும் ஆச்சரியம்.

ஆட்டத்தன்று காலை பால் வாங்கப் போனேன். கடைக்குப் பின்னால் அம்பயர் அண்ணன் ஒரு நாய்க்குப் பன்னைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“டேய், இப்பதான ஒண்ணு குடுத்தேன்? போடா, பேராச புடிச்சவனே!”

சுத்தமான எங்கள் ஊர்த் தமிழ்! பால் பாக்கெட் கையிலிருந்து நழுவியது. திரும்பி என்னைப் பார்த்தவர், லேசாகக் குனிந்து, முழங்காலுக்கு முன்னால் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து ஆட்டினார். டிவியில் பார்த்திருக்கிறேன். டெட் பால். இந்தப் பந்து கணக்கில் சேராது.

விஷயம் தெரிந்தால் ஆனேக்கல்காரர்கள் சும்மா விடுவார்களா? ஸ்டம்பைப் பிடுங்கினால் முதலில் யார் நெற்றி?

ஆட்டம் சூடு பிடித்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அத்தை டிரம்மைக் கவிழ்த்து மேலே ஏறி நின்று விசிலடித்தாள். அண்ணன் ஒரு வைடு கொடுத்தபோது “ஏனு, கண்ணு காணல்வா?” என்று அவர்கள் கன்னடத்தில் கத்தினார்கள். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

எங்களுக்குக் கடைசி விக்கெட். இன்னும் மூன்று ரன். சித்தப்பா தட்டிவிட்டு ஓடினார். எதிரிலிருந்து பந்து வந்தது. சித்தப்பா பாய்ந்து விழுந்ததில் ஒரே புழுதி. ஸ்டம்பு சாய்ந்தது. மைதானமே அலறியது. நான் ஸ்டம்பைப் பார்க்கவில்லை, அண்ணன் முகத்தைத்தான் பார்த்தேன்.

விரல் மெல்ல மேலே போனது.

“கண்ணு தெரியலியாடா உனக்கு? யார்ரா கூட்டியாந்தது இவன?” எங்கள் ஆட்கள் பாய்ந்தார்கள். அவர் நெஞ்சில் கை வைத்தார். பிறகு உட்கார்ந்து, கோட்டுக்கும் சித்தப்பாவின் பேட் நின்ற இடத்துக்கும் நடுவே கையை விரித்துக் காட்டினார். ஒரு சாண். அவ்வளவுதான். பாய்ந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? சித்தப்பா எழுந்து வந்து தாடிக்காரருக்குக் கை கொடுத்தார். நெற்றி முழுசாக வீடு வந்து சேர்ந்தது!

லீவு முடிந்து வேலைக்குக் கிளம்பிய சித்தப்பா டிபன் பாக்ஸை மறந்துவிட்டார். தூக்கிக்கொண்டு ஓடினேன். கம்பெனி பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில், சித்தப்பா போட்டிருந்த அதே கம்பெனி நீலச் சட்டையில், அந்தத் தாடிக்காரர். பக்கத்தில் அம்பயர் அண்ணன். இருவரும் சித்தப்பாவை இழுத்து நடுவில் உட்காரவைத்து, அவர் தலையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். எந்த மொழியில் சிரிக்கிறார்கள் என்று இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை.

ஜன்னல் வழியாகப் பாக்ஸை வாங்கிய சித்தப்பா, நான் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்தார். பாக்ஸை மடியில் வைத்துவிட்டு, அன்று அண்ணன் காட்டியது போலவே இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து ஆட்டினார்.

எந்தப் பந்தைச் சொல்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அண்ணனுக்குத் தமிழ் தெரியும் என்ற ரகசியத்தை மட்டும் வெகுநாள் காப்பாற்றினேன். முக்கியமாக, சித்தப்பாவுக்குத் தெரிந்துவிடாமல்.