சுண்ணாம்பு பூசாத பானைகள்

பூவாத்தாளுக்குப் பணிந்து போகத் தெரியாது என்று ஊரில் குறை சொல்வார்கள். பணியும்படி யார் நடந்துகொண்டார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். வெண்ணந்தூருக்குத் தெற்கே எங்கள் ஊரில், ஒரு மொட்டைப் பாறையின் மேல் அவள் குடிசை இருந்தது. புருஷன் அங்கமுத்து பனையேறி. சொந்தமாக ஒரு சாண் மண்ணும் கிடையாது.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசைதான். தான் வைத்த செடியில் தானே காய் பறிக்க வேண்டும். ஊர் மணியக்காரர் தோட்டத்தில் நாற்று நட்டும் களை எடுத்தும் மிளகாய் பறித்தும் கை காய்த்துப் போனவள் அவள். பறித்ததெல்லாம் அவருடைய கூடைக்குத்தான் போனது. அந்தத் தோட்டத்துக் கிணற்று மேட்டை ஒட்டிக் கொஞ்சம் இடம் தரிசாகக் கிடந்தது. மாடு பூட்டிக் கமலை இறைக்கும்போது சிந்தும் தண்ணீர் அங்கேதான் தேங்கி வீணாகும். ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டாள்.

"அந்த மூலையில நாலு செடி வெச்சுக்கறனுங்க பண்ணாடி. தண்ணிகூடத் தனியா வேண்டாமுங்க."

மணியக்காரர் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "பனையேறி பொண்டாட்டிக்கு வெள்ளாமை கேக்குதா? போயி உம்பட பாறையில வெதச்சுக்கோ."

"வெதைக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டார்.

1937-இல் சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடினார்கள். புருஷன் பிழைப்பில் மண் விழுந்தாலும், கடைக்குப் பூட்டு விழுந்ததில் பூவாத்தாளுக்குச் சந்தோஷம்தான். அங்கமுத்து பதநீர் இறக்க லைசென்ஸ் வாங்கினான். பானையின் உள்ளே சுண்ணாம்பு பூசி மரத்தில் கட்டினால் சாறு புளிக்காமல் பதநீராக இறங்கும். பூசாமல் கட்டினால் கள். அதனால் பனையேறி வீட்டில் சுண்ணாம்பு பூசாத பானை இருந்தாலே குற்றம் என்று வைத்திருந்தார்கள். லைசென்ஸும் போகும், ஆளும் ஜெயிலுக்குப் போக வேண்டும். அங்கமுத்து பழைய கள்ளுப் பானைகளை உடைத்துப் போடக் கட்டையை ஓங்கினான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டுமுங்க. எனக்குத் தோட்டம் வேணும்."

சேலத்துக்குக் கருப்பட்டி விற்கப் போனவன், நசுங்கிப்போன சீமைத்தக்காளி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். எங்கள் பக்கத்தில் அப்போது அதை யாரும் சமைக்க மாட்டார்கள். அந்தச் சிவப்பைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள். பூவாத்தாள் விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, கொட்டாங்குச்சிகளில் மண் நிரப்பி விதைத்தாள். நாற்று நாலு இலை விட்டதும் வேர் சுருண்டுகொண்டது, பெரிய இடம் கேட்டது. புருஷனுக்கு வம்பு வேண்டாமென்று முதலில் சுண்ணாம்புப் பானைகளில் சில நாற்றுகளை மாற்றினாள். இலை வெளுத்தது, வளர்ச்சி நின்றது, ஒவ்வொன்றாகச் செத்தது.

"சட்டப்படி நட்டேன், சட்டப்படி செத்துப்போச்சு" என்றாள் என்னிடம்.

மிச்ச நாற்றுகளுக்குக் கள்ளுப் பானைகளை எடுத்தாள். அடியில் உளியால் ஓட்டை போட்டு, ஓட்டைமேல் ஓட்டுச் சில்லு வைத்து, ஏரி வண்டலும் மக்கின சாணமும் நிரப்பினாள். வெயில் தாழ்ந்த பிறகு கொட்டாங்குச்சியை நனைத்துத் தட்டி, தண்டைத் தொடாமல் இலையைப் பிடித்துத் தூக்கி, மண் கலையாமல் இலைக் கழுத்து வரை புதைத்தாள். பிள்ளையைத் தொட்டிலில் போடுகிறவள்கூட அவ்வளவு பதமாகப் போடமாட்டாள். மொட்டைப் பாறைமேல் செடிகள் கொழுகொழுவென்று வளர்ந்து மஞ்சளாகப் பூத்தன. பாதையில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மணியக்காரரும் பார்த்தார். அவருக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு நாளில் ஒரு போலீஸ்காரரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "உள்ள பாருங்க, ஒரு பொட்டுச் சுண்ணாம்பு இல்ல. எல்லாம் கள்ளுப் பானை."

பூவாத்தாள் ஒரு பானையைச் செடியோடு தூக்கினாள். ஊற்றியிருந்த தண்ணீர் அடியில் சொட்டியது. "ஓட்டைப் பானையில எந்த மடையன் கள்ளு எறக்குவான், எசமான்?"

போலீஸ்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மணியக்காரர் விடவில்லை. "மெழுகு வெச்சு அடைச்சா ஆச்சு. எழுதிக்குங்க, லைசென்ஸைப் புடுங்கிரலாம்."

அங்கமுத்து அவளைத் தோளைப் பிடித்து இழுத்தான். "உட்டுரு புள்ள. நான் ஜெயிலுக்குப் போனா நீ எதத் திம்பே?"

அவள் விலகி நின்றாள். பானையை உடைத்துவிட்டால் கேஸ் இல்லை என்றார் போலீஸ்காரர். அவருடைய தடி ஒவ்வொரு பானையாக இறங்கியது. செடிகள் பூவோடு பாறையில் சாய்ந்தன. எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.

பூவாத்தாள் அழுதாள். வாய்விட்டு அழுதுகொண்டேதான் ஈரச் சாக்கை எடுத்து, வேரைப் பிடித்திருந்த மண் உதிராமல் ஒவ்வொரு செடியையும் சுற்றிக் கூடையில் வைத்தாள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊர் பார்க்க, நேரே மணியக்காரர் தோட்டத்துக்குப் போனாள். கிணற்று மேட்டை ஒட்டிய தரிசில் குழி வெட்டி நட ஆரம்பித்தாள்.

செய்தி தெரிந்து மணியக்காரர் ஓடிவந்தார். "யாரக் கேட்டு எம்பட மண்ணுல கை வெச்சே?"

"எம்பட பானைய ஒடச்சீங்கல்ல பண்ணாடி. இனி உங்க மண்ணுதான் எனக்குப் பானை."

கமலை ஓட்டிக்கொண்டிருந்த பண்ணையாள் சின்னானைக் கூப்பிட்டு, "புடுங்கி எறிடா" என்று கத்தினார். சின்னான் மாட்டை நிறுத்தினான். செடிகளைப் பார்த்தான்.

"பூவெடுத்த பச்சைங்க சாமி. நான் கை வெக்க மாட்டனுங்க."

மணியக்காரர் களை எடுக்கும் பெண்கள் பக்கம் திரும்பினார். அவர்கள் எல்லாரும் குனிந்து மும்முரமாகக் களை எடுத்தார்கள். பிடுங்க வேண்டுமானால் அவரேதான் குனிய வேண்டும், அதுவும் பனையேறி பொண்டாட்டியின் காலடியில். நின்று பார்த்தார், வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

செடிகள் வாடித் தொங்கின. அவள் பகலில் பூவரசந் தழை போட்டு நிழல் காட்டினாள். பிறகு அவை நிமிர்ந்துகொண்டன. பழம் சிவந்த சமயத்தில், நிலத்துக்கு வாரமாக விளைச்சலில் பாதியைத் தர வேண்டும் என்று சின்னானிடம் மணியக்காரர் சொல்லியனுப்பினார். பூவாத்தாள் பறித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"தாராளமாக் குடுக்கறேன்னு சொல்லு சின்னா. ஒடச்ச பானையெல்லாம் முழுசாக் கொண்டாந்து என்ற ஊட்டு வாசல்ல வெக்கச் சொல்லு. அன்னைக்கே செடியப் பேத்துட்டு, நெலத்தையும் உட்டுட்டு வாரேன்."

சாவடியில் ஊரே கூடியிருந்த நேரமாகப் பார்த்து, சின்னான் அதை ஒரு வார்த்தை விடாமல் மணியக்காரரிடம் உரக்கச் சொன்னான்.