வலப்பக்கக் கதவு

தொண்ணூறுகளில் கனடாவில், டோர்செட் பார்க்கில் நான் இருந்த தெருவைப் பனி தள்ளும் வண்டி விடியற்காலையில் துப்புரவாக்கும். ஓரத்தில் நிறுத்திய எங்கள் கார்களை மட்டும் இன்னும் ஆழமாகப் புதைத்துவிட்டுப் போகும். எல்லோரும் ஓட்டுபவரின் இடப்பக்கக் கதவை மட்டும் தோண்டியெடுத்துக்கொண்டு வேலைக்கு ஓடுவார்கள். நான் வலப்பக்கக் கதவையும் வழிப்பேன்.

“உந்தப் பக்கம் ஆர் ஏறப்போகினம்?” என்று பக்கத்துக் காரைத் தோண்டும் அண்ணை கேட்பார்.

“மனிசி வந்தால் ஏறுவா.”

அவளைக் கூப்பிடுகிற ஸ்பொன்சர் பேப்பர் இழுபட்ட மூன்று மாரியும், விரல் விறைக்க, வராத கடிதத்தைத் திட்டிக்கொண்டே வழித்தேன்.

அவள் வந்து இறங்கியது ஆடி மாதம். மருந்துக்கும் பனியில்லை. விமான நிலையத் தரிப்பிடத்தில், ஊர்ப் பழக்கத்தில் நேரே இடப்பக்கம் போய், ஸ்டியரிங் இருக்கிற கதவடியில் நின்றாள்.