மழலை என்று நான் சிரித்த பாஷை

அப்போது நான் ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. சரக்குக் கப்பலில் வந்திருந்த சமோவாத் தீவு மாலுமி ஒருவன் பேசினால் எனக்குச் சிரிப்பு தாங்காது. அவன் பாஷையில் எந்தச் சொல்லும் மெய்யெழுத்தில் முடியாது. எல்லாம் ஆ, ஈ, ஓ என்று வாய் திறந்தே முடியும். "இது பாஷையா, மழலையா?" என்று அவன் எதிரிலேயே வாயைக் கோணிக் காட்டினேன். அவன் திரும்பிக் கப்பலுக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை கரையோரம் ஒரு சரக்குப் படகு கவிழ்ந்து, படகோட்டி ஏழுமலை அடியில் சிக்கிக்கொண்டார். அலை ஏறிக்கொண்டிருந்தது. படகில் கயிறு கட்டி முப்பது பேர் பிடித்தோம். ஆளுக்கொரு கூச்சல், ஆளுக்கொரு இழுப்பு. படகு அசையவில்லை.

அந்த மாலுமி ஓடிவந்து கயிற்றைப் பற்றித் தன் பாஷையில் குரலெடுத்தான். குறிலுக்கு மூச்சு வாங்கினான், நெடிலுக்கு இழுத்தான். இரண்டாம் முறையே மொத்தக் கூட்டமும் அவனோடு கத்தியது. படகு புரண்டது.

ஏழுமலை மணலைத் துப்பிக்கொண்டே எழுந்தார். "இன்னா பாஷை நைனா இது? உள்ளார கெடந்துகினு நானும் கத்துனேன்!"

கரையே ஆர்ப்பரித்தது. மாலுமி என்னைப் பார்த்துச் சிரித்தான். கோணிக் காட்டிய அதே வாயால் எல்லோரையும்விட உரக்கக் கத்தியவன் நான்தான். மூன்று நாள் எனக்குக் குரலே எழும்பவில்லை. அந்தத் தொண்டைக்கட்டைப் போல வேறெதிலும் நான் பெருமைப்பட்டதில்லை.