லேத்துக்குக் கட்டிய மாலை

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கத்து மண்டிக்குப் பழம் பிரிக்கப் போவேன். பழத்தில் ஒரு கரும்புள்ளி தெரிந்தால் போதும், "இத டீகிரேட் பண்ணும்மா" என்பார் மேஸ்திரி. தரத்தை இறக்கிக் கூழுக்குப் போகும் கூடையில் போட்டுவிடுவோம். ஐந்தாவதோடு நின்ற எனக்கு அதுதான் பெரிய இங்கிலீஷ். வீட்டில் கிழிந்த பாவாடையைக் கரித்துணியாக்கினாலும், "இதை டீகிரேட் பண்ணிட்டேங்க" என்று சிரிப்பேன். என் வீட்டுக்காரரும் சிரிப்பார்.

அவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் இரும்பு கடையும் லேத்து மெஷின் ஓட்டினார். ஆயுத பூஜையன்று மட்டும் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். மெஷினை ஓட்டுகிறவர் வீட்டு மாலைதான் அந்த மெஷினுக்கு. வருஷா வருஷம் குளித்து, விரதமிருந்து, நானே சாமந்தி கட்டிக்கொண்டு போவேன். எங்களுக்குச் சோறு போடும் சாமி அது.

அந்த வருஷம், "கூட்டம் ஜாஸ்தி, நீ வராத" என்றார். சாமி காரியத்தை விடுவதா? அவர் கிளம்பியதும் மாலையோடு பஸ் ஏறிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் லேத்துக்கு வேறு மாலை விழுந்திருந்தது. யாரோ ஒருவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு நின்று சூடம் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்த ஆளின் முகம் சுருங்கியது.

"அண்ணன் சொல்லலீங்களா அக்கா? கண்ணு டெஸ்ட்டுல பெயிலுன்னு டீகிரேட் பண்ணிட்டாங்க. இப்பக் கூட்டற வேல."

"அப்ப மாலைய அண்ணனுக்கே போட்ருங்கக்கா, மாப்பிளயாட்டம் இருப்பாரு!" என்றார் பின்னாலிருந்து ஒருவர். சிலர் சிரித்தார்கள்.

அந்த வார்த்தைக்கு யாரும் எனக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூழுக்கூடைதான் கண்முன் வந்தது.

ஷெட்டின் பின்புறம் என் வீட்டுக்காரர் இரும்புச் சுருளைக் கூட்டிக்கொண்டிருந்தார். "ஏங்க" என்றதும் விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"எங்கிட்டச் சொல்லக் கூடாதாங்க?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன் புள்ள. அந்த வார்த்தயச் சொன்னாலே நீ சிரிப்பியே."

விளக்குமாற்றை வாங்கிச் சுவரில் சாய்த்து, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். முருகா, இந்தக் கைக்கு வேலை இல்லாமல் செய்துவிடாதே என்று வேண்டிக்கொண்டு, மாலையை அதற்குச் சாத்தினேன்.

அவர் கிட்டத்தில் குனிந்து பூவைத் தடவினார்.

"இந்த வருசம் மஞ்சளா புள்ள, வெள்ளயா?"