வீரைப்பழ வாசம்

கிளாசைச் சரித்துப் பிடித்து, அதன் மறுபக்கத்தில் தன் பெருவிரலை வைப்பார் ஸைனுலாப்தீன். சிவப்பு வைனுக்கு ஊடாக ரேகை தெரிந்தால் முகம் மலரும். "இது லைட்டு. வெயிலுக்கு இதுதான் சரி." பிறகு மூக்கை உள்ளே விட்டு ஒரு இழுப்பு. அதோடு சரி. இத்தனை வருடத்தில் ஒரு சொட்டுக்கூட நாக்கில் பட்டதில்லை.

அறுகம்பையில் வெள்ளைக்காரர் வந்து தங்கும் ஒரு ஹோட்டலில் வைன் அறைக்குப் பொறுப்பு அவர். கடற்கரை வெக்கையில் கனத்த வைன் எடுபடாது. மெல்லிசாக, செம்பழ வாசத்தோடு, குளிரவைத்துக் குடிக்கிற மாதிரித் தேடிப் பிடிக்க வேண்டும். கொழும்பிலிருந்து மாதிரிப் போத்தல்கள் வரும். ஒன்று பிரான்ஸ், ஒன்று சிசிலி, இன்னொன்று ஜெர்மனி. திராட்சைப் பெயர்களையெல்லாம் தன் மூக்குக்குத் தெரிந்த பழங்களாக மாற்றி வைத்திருக்கிறார். கமே என்றால் ஜம்பு. பிரப்பாட்டோ மாதுளை. பினோ நுவார் காட்டில் சிவப்பாய்ப் பழுக்கும் வீரைப்பழம், அதுவும் கோடை மழையில் நனைந்து மண்ணில் விழுந்தது.

சொந்த ஊரான சாய்ந்தமருதில் இந்தத் தொழிலை மெச்சியவர் எவருமில்லை. "குடிக்கல்லதான் காக்கா, மூக்குக்கு மட்டும் ஹறாம் இல்லையா?" என்று, அவரை அண்ணன் முறை வைத்துப் பேசும் தேநீர்க் கடைச் சாலிஹ் சீண்டுவான். மெல்லிய வைனுக்கு ஹோட்டலில் 'லைட் பொடி', அதாவது லேசான உடம்பு, என்று பெயர். ஊரிலோ பொடி என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் பிரேதம். "இண்டைக்கு எத்தின பொடி பாத்தீங்க காக்கா?" என்பான். கடையே சிரிக்கும். இப்போது அப்படி யாரும் கேட்பதில்லை.

எல்லாம் தொடங்கியது ஒரு மாரிகாலத்தில், வீரைப்பழத்துக்குப் பருவமே இல்லாத நேரம். தேநீர்க் கடை வாங்குப் பலகையில், அங்கே தினமும் வரும் பக்கீர் முகைதீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸைனுலாப்தீன், "ஆரு வீரப்பழம் கொண்டந்த?" என்று கேட்டார். யாரும் கொண்டுவரவில்லை. மறுநாள் காலை பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பக்கீர் முகைதீனின் ஜனாஸா அறிவித்தல். அடுத்தது சொந்த ராத்தா, கூடப்பிறந்த அக்கா. பெருநாளன்று கட்டியணைத்தபோது அவள் தோளில் அதே வாசம். பெருநாள் பலகாரம் தீருமுன் அவளும் மவுத்து. வீரைப்பழ வாசம் இவர் மூக்கில் பட்டால் பக்கத்தில் சாவு என்று ஊர் பேசிக்கொண்டது. கதை கட்டுவதில் சனங்கள் சமர்த்தர்தான். ஆனால் இதைக் கட்டுக்கதை என்று தள்ள அவருக்கே மனம் வரவில்லை.

பயத்தை அவர் மறைப்பதும் இல்லை. "போத்தல் திறக்காம அந்த வாசம் வந்தா எனக்கு ஈரக்குலை நடுங்கிது" என்பார். லீவில் ஊருக்கு வரும்போது மேலுதட்டில் அத்தர் பூசிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் குளித்துவிட்டு வந்தவர் வாசலில் நின்றுவிட்டார். வீட்டுக்குள் வீரைப்பழம். உள்ளே இருந்தது மனைவி ஸம்றா மட்டும்.

ஹோட்டலில் போத்தல் போத்தலாகத் தேடுகிறவர் தன் வீட்டிலேயே தேடத் தொடங்கினார். தலையணை. தொழுகைப் பாய். கொடியில் கிடந்த அவளுடைய முக்காடு. கடைசியில் குசினிக்குப் போய், வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவளின் தலைக்கு மேல் மெல்லக் குனிந்தார்.

"என்னத்த மோந்து மோந்து பாக்கீங்க?"

"ஒண்டுமில்ல புள்ள."

வெங்காயமும் தேங்காயெண்ணெயும்தான். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னார். சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. துடைக்க வலது கையைத் தூக்கினார். வாசம் அந்த உள்ளங்கையில் இருந்தது.

கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். போகவில்லை. திரும்பி வந்தபோது ஸம்றா தேநீரை நீட்டினாள். அவர் வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு இடது கையை நீட்டினார்.

"இதென்ன புதுப் பழக்கம், இடக்கையால வாங்கிறீங்க?"

அவள் விரல் படாமல், கோப்பையை விளிம்பில் பிடித்து வாங்கிக்கொண்டார்.