புங்கமரத்தடிச் சொட்டை

எங்கள் வீட்டு முன்புறப் புல்தரையில், புங்கமரத்தை ஒட்டி ஒரு சொட்டை இருக்கிறது. முறத்தின் அகலம், ஏறக்குறைய முறத்தின் வடிவம். ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைந்தும் இருக்கும். மற்ற இடத்தில் யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது, நான் சொல்ல விட்டதும் இல்லை. சென்ற மாதம் என் மகன் ஒரு தோட்டக் காண்டிராக்டரை அழைத்து வந்தான். நல்ல பிள்ளை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் புல்லில் கால் வைத்தார். நேரே அந்தச் சொட்டையின் முன் போய்க் குத்தவைத்து, விரலால் மண்ணைக் கிளறி, "வேர்ப்புழுங்கம்மா. இல்லாட்டி பூஞ்சணம். மருந்தடிச்சா ஒரே மாசத்துல மூடிருமுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சொட்டைக்கு அவரைவிட வயது அதிகம். அதற்குக் காரணம் என்னவென்று கண்டுபிடித்தவள் நான். காரணமாக இருந்தவர் என் மாமனார்.

என் அப்பா குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவில் தோட்ட மேஸ்திரியாக இருந்தார். நடை பழகியதே புல்தரையில் என்பதால், புல் எந்த நிறத்துக்கு மாறினால் அதற்கு என்ன கேடு என்று எனக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அறுபதுகளின் நடுவில் திருப்பூருக்கு மருமகளாக வந்தேன். முன்னால் வீடு, பின்னால் பனியன் கம்பெனி. விடிந்தது முதல் பொழுது சாயும்வரை நிட்டிங் மிஷின் சத்தம். காப்பி டம்ளரில்கூடப் பஞ்சு மிதக்கும். சமையலறை அலமாரியில் நூல் கோன் இருக்கும், கட்டிலுக்கு அடியில் பனியன் கட்டு இருக்கும். அந்த வீட்டில் கம்பெனிக்குச் சொந்தமில்லாத இடம் வாசலுக்கு முன்னால் கிடந்த வெற்றுத் தரை ஒன்றுதான். அதை எனக்குக் கொடுங்கள், புல் வளர்க்கிறேன் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். கல்கத்தாவிலிருந்து வரும் வியாபாரிகளை நாற்காலி போட்டு உட்கார வைக்கலாமே என்று அவரும் சம்மதித்தார்.

மலையிலிருந்து விதை வரவழைத்துப் போட்டேன். தை மாதம்வரை அழகாக இருந்தது. பங்குனி வெயிலில் பழுத்து, சித்திரையில் சருகாகிப் போனது. மலைப் புல்லுக்கு இந்த ஊர் வெயில் ஆகாது என்பதை அந்த ஒரு கோடையிலேயே கற்றுக்கொண்டேன். வெயிலில் தழைக்கிற புல் வேண்டும் என்றால் இங்கே அருகம்புல்தான். எங்கள் மாமனாரின் காட்டில் அது கொள்ளை கொள்ளையாகக் கிடக்கிறதே, கொஞ்சம் கொடி கொண்டுவரச் சொல்லுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

மாமனார் அதுவரை அவிநாசிப் பக்கம் பருத்திக் காடு வைத்துப் பண்ணையம் பார்த்தவர். காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மகனுக்குத் துணையாகக் கம்பெனிக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. நான் கேட்டது காதில் விழுந்ததும் அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஏனம்மிணி, இந்த அருகைப் புடுங்கிப் புடுங்கி என்ற நகமெல்லாம் தேஞ்சு போச்சு. அதைக் கொண்டாந்து ஊட்டு முன்னால நட்டுத் தண்ணி வேற ஊத்தறேங்கறே!" ஆனாலும் ஒரு சாக்கு நிறையக் கொடி வந்து இறங்கியது. கூடவே ஒரு கெடுவும் வந்தது. கம்பெனிக்குப் புது மிஷின்கள் வருவதாக இருந்தன. அவற்றை வைக்கச் செட்டு, அதாவது கொட்டகை, போட அவர் பார்த்து வைத்திருந்ததும் அதே வாசல்தான். "மாசி வரைக்கும் பாரு. ஒரு சொட்டையில்லாம மூடுச்சுன்னா எடம் உனக்கு. மூடலீன்னா செட்டு" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "சரீங்க மாமா" என்று ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டேன்.

ஆடியில் நட்டேன். அதன்பின் வந்தது ஒன்றா இரண்டா! முதலில் புல் முழுவதும் ஒரே சீராக மஞ்சளடித்தது. உரம் போதவில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். கத்தியால் ஒரு துண்டைப் பெயர்த்துப் பார்த்தேன். வேர் விரல்நுனி ஆழம்கூட இறங்கியிருக்கவில்லை. வேலைக்கு வரும் பெண் தினமும் காலையும் மாலையும் மேலாகத் தெளித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். தண்ணீர் மேலேயே கிடைக்கும்போது வேர் ஏன் கீழே போகிறது? அதோடு எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. தெளித்த தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. தினசரித் தெளிப்பை நிறுத்திவிட்டு, சில நாளுக்கு ஒருமுறை, அதுவும் காலையில், மண் ஆழமாக நனையும்படி பாய்ச்சினேன். உப்பு கீழே இறங்கிப் போனது, வேரும் தண்ணீரைத் தேடிக்கொண்டு கீழே போனது.

அடுத்தது எங்கள் கட்டிங் மாஸ்டர். புல் வெட்ட எங்களிடம் இருந்ததே கம்பெனியின் பழைய கத்திரிதான். நான் ஊரில் இல்லாத நாள் பார்த்து, உதவி செய்வதாக நினைத்து, பனியன் துணியை வெட்டுகிற சுத்தத்தோடு புல்லைத் தரையோடு தரையாக வெட்டி வைத்துவிட்டார். ஒரு நூல் ஏற்ற இறக்கம் இல்லை. இரண்டே நாளில் எல்லாம் வைக்கோல் நிறம். இலையை முழுக்க எடுத்துவிட்டால் புல் எதைக் கொண்டு பிழைக்கும்? உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது என்று சொன்னேன். "தெரியாமப் போச்சுங்கக்கா, துணியின்னா திரும்ப மொளைக்காது, இது மொளைக்குமில்லீங்களா?" என்றார். முளைத்தது என்னவோ உண்மைதான்.

ஐப்பசியில் நீள நீளமாக வெளிறிய பட்டைகள் தெரிந்தன. இதற்கு நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நோய் நேர்கோட்டில் வராது. நேர்கோட்டில் வந்தால் அது மனிதன் செய்த வேலை. மழையில் காயப்போடும் இடம் சேறாகிவிட்டதால், சலவைப்பட்டறையிலிருந்து வந்த ஈரத்துணியைப் பையன்கள் என் புல்மேல் விரித்திருந்தார்கள். வேலியோரம் கயிறு கட்டிக் கொடுத்தேன், தீர்ந்தது. பிறகு ஒரு காலையில் மைனாக் கூட்டம் ஒரே மூலையில் கொத்திக்கொண்டிருந்தது. அந்த இடத்துப் புல்லைப் பிடித்து இழுத்தால் பாய் சுருட்டுவதுபோல் வந்தது. அடியில் வெள்ளை வெள்ளையாக வேர்ப்புழு. வேப்பம்புண்ணாக்கைத் தூளாக்கிப் போட்டுத் தண்ணீர் விட்டேன். மிச்சத்தை மைனாக்கள் பார்த்துக்கொண்டன. மார்கழி பிறந்தபோது என் புல்தரை ஜம்மென்று இருந்தது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது.

அப்போதுதான் புங்கமரத்தடியில் இந்தச் சொட்டை விழுந்தது.

நிழல் என்று நினைத்துத் தாழ்ந்த கிளைகளைக் கழித்தேன். வெயில் தாராளமாக விழுந்தும் சொட்டை பெரிதானதே தவிரக் குறையவில்லை. புழு என்றால் மைனா வந்திருக்க வேண்டும், ஒன்றுகூட வரவில்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு பூச்சியும் மேலே வரவில்லை. பூஞ்சணமாக இருந்தால் விளிம்பில் காய்ந்த இலை இருக்கும். இங்கே விளிம்புப் புல் செழிப்பாக நின்றது, உள்ளே மட்டும் பொட்டு வேர்கூட இல்லாமல் மண் பொலபொலவென்று, களையெடுத்த காடுபோல் கிடந்தது. நோய் நேர்கோட்டில் வராது என்று நான் வைத்திருந்த கணக்கு என்னையே ஏமாற்றியது. மரத்தை ஒட்டிய பக்கம் போக மற்றதெல்லாம் வளைந்து வந்திருந்ததால் மனிதக் கை என்று எனக்குத் தோன்றவே இல்லை. குளிரில் அருகு மெதுவாகத்தான் ஓடும், தை வேறு பிறந்துவிட்டது. செட்டுக்கான கல் ஒரு லோடு வந்து வேலியோரம் இறங்கியும் விட்டது. ராத்திரி படுத்தால் தூக்கம் வராமல் அந்தச் சொட்டையே கண்ணுக்குள் நின்றது.

ஒருநாள் மரத்தின் அடித்தூருக்குப் பின்புறம் பெருக்கப் போனபோது அதைப் பார்த்தேன். வாடிய அருகு ஒரு சின்னக் குவியலாகக் கிடந்தது. மண் சுத்தமாக உதறப்பட்டு, கொடிகள் ஒரே சீராக அடுக்கப்பட்டு, எல்லா வேரும் வானத்தைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அருகைப் பிடுங்கி அப்படியே போட்டால் மறுபடி வேர்விடும். வேர் வெயிலில் காய வேண்டும் என்று மேலே திருப்பிப் போடுவது பண்ணையம் பார்த்தவர்களின் பழக்கம். எங்கள் வீட்டில் அப்படி ஒரே ஒருவர்தான் இருந்தார். செட்டுக்காக நாச வேலை பார்க்கிறாரே இந்த மனுஷன் என்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அந்தச் சமயத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

சாயங்காலம் ஜன்னலோரம் நின்றேன். ஊரிலிருந்து அவருடைய பங்காளி ஒருவர் வந்திருந்தார். வழக்கம்போல் மாமனார் மரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து பழமை பேசிக்கொண்டிருந்தார். மழை, கிணறு, யாருடைய பெண்ணுக்கோ பார்த்த இடம். பேச்சு சுவாரசியமாகப் போய்க்கொண்டிருந்தது. கண் பங்காளியின் முகத்தில் இருந்தது. வலது கை மட்டும் தனக்கென்று ஒரு வேலை வைத்திருந்தது: கொடியின் கணுவைத் தேடிப் பிடித்தது, விரல்களால் மண்ணைத் தளர்த்தியது, வேரோடு எடுத்தது, முழங்காலில் தட்டி உதறியது, பின்னால் கொண்டுபோய்த் திருப்பி வைத்தது, மறுபடி முன்னால் வந்தது. உட்கார்ந்தவரின் கை எட்டுகிற தூரம்வரைதான் சொட்டை. அந்த வளைவு எப்படி வந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

நான் வெளியே போய் முன்னால் நின்றேன். "மாமா, உங்க கையைப் பாருங்க" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். கை நிறைய அருகு. யாரோ வேறொருவர் அங்கே வைத்துவிட்டுப் போனதுபோல் அதைப் பார்த்தார். பங்காளி வாய்விட்டுச் சிரிக்க, மாமனார் சிரிக்கவில்லை. என் ஆத்திரமெல்லாம் அந்த முகத்தைப் பார்த்ததும் போன இடம் தெரியவில்லை. "நெசமாலுமே தெரியாது அம்மிணி. நாப்பது வருசமாப் புடுங்கின கையி. இப்ப நாஞ் சொன்னா அது எங்க கேக்குது?" என்றார்.

மாசி பிறந்தபோது சொட்டை அப்படியேதான் இருந்தது. செட்டுக்கு நூல் பிடித்து அளக்க ஆள் வந்து நின்றான். நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. கெடு கெடுதான், கெஞ்சுகிற பழக்கம் எனக்கும் கிடையாது. மாமனாரின் குரல் மட்டும் கேட்டது. என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அழிச்சவன் நானு. நானே வந்து சொட்டையிருக்குது, எடத்தைக் குடுன்னு கேட்டா நாயமாகுமா? செட்டைப் பொறத்தால போட்டுக்கலாம் போ." கல்லெல்லாம் பின்புறம் போனது. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு தனியே சிரித்தேன்.

கதை அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அவர் அதற்குப் பின் நாற்காலியில் உட்கார ஆரம்பித்தார். கையைத் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொள்வார். பங்காளி வந்தால் இரண்டு வார்த்தை பேசுவார், பிறகு பேச்சு நின்றுவிடும். கை சும்மா இருந்தால் அவருக்கு வாயும் ஓடாது போலிருக்கிறது. பங்காளியின் வரவு குறைந்தது. சாப்பாடும் குறைந்தது. சொட்டையில் கொடி ஓடி மூடத் தொடங்கியிருந்தது, எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இல்லை. ஒரு சாயங்காலம் நாற்காலியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். "எங்கம்மிணி சேரு?" என்று கேட்டார். "பழைய எடத்துலயே உக்காருங்க மாமா. முறத்தளவு எடம் உங்களுக்கு. அதைத் தாண்டி ஒரு கொடி தொட்டீங்கன்னா சோறு கெடையாது" என்றேன். அவர் போய் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். அன்று ராத்திரி சோறு இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

எழுபதுகளின் பிற்பகுதியில் அவர் காலமாகும்வரை அந்த ஒப்பந்தம் நடந்தது. அருகு வரும், அவர் எடுப்பார், மறுபடி வரும். விளிம்பைத் தாண்டி அவர் கை ஒருநாளும் போனதில்லை. அவர் இறந்த வருடம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. ஒரு காலையில் வாசலுக்கு வந்தால் புங்கமரத்தடி மூடியிருந்தது. நான் நட்ட நாளிலிருந்து முதன்முறையாக, எங்கும் ஒரு சொட்டையில்லாமல், அவர் கெடு வைத்துக் கேட்ட அதே புல்தரை. சாவு வீட்டில்கூட நான் அவ்வளவு அழவில்லை. அழுதுகொண்டே மரத்தடியில் உட்கார்ந்து, கை எட்டுகிற தூரம்வரை பறித்தேன். எனக்குக் கை சிறியது, ஆகவே இப்போதிருக்கும் சொட்டையும் அவருடையதைவிடக் கொஞ்சம் சிறியதுதான்.

மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் அந்தக் காண்டிராக்டரிடம் சொன்னேன். பிள்ளை பொறுமையாகக் கேட்டார். பாதிக்குமேல் அவர் என் முகத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க அலுத்துவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன். முடித்ததும் மெதுவாக, "அப்ப மருந்து வேண்டாங்களாம்மா?" என்று கேட்டு, என் மடியைக் காட்டினார். குனிந்து பார்த்தேன். கை நிறைய அருகு.

"வேண்டாம் கண்ணு" என்றேன். முழங்காலில் தட்டி மண்ணை உதறி, வேர் மேலே பார்க்கத் திருப்பி, மரத்தூருக்குப் பின்னால் வைத்தேன்.