தூசி குட்டி போடாது

எங்கள் ஊரில் இருமலுக்கு ஒரே காரணம்தான்: தூசி. ஆடிக் காற்று எழுந்ததும் தங்கச் சுரங்கத்தின் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து பொடி பறந்து வந்து கோரமண்டல் லைன் தொழிலாளர் வீடுகளின் கொடித்துணி முதல் சோற்றுப்பானை வரை படியும். சுரங்கம் மூடி இத்தனை வருடம் ஆகியும் அந்த மேடு ஓயவில்லை. யாராவது இருமினால் காற்று எழுந்துவிட்டது என்பார்கள். அத்தோடு விசாரணை முடிந்துவிடும்.

அந்த ஆடியில் பங்காருபேட்டையில் நான் உயிரியல் நடத்தும் பி.யூ. கல்லூரியில் பாதி வகுப்பு காலி. ரயிலில் பெட்டி முழுக்க இருமல். எங்கள் லைனில் வீட்டுக்கு ஒருவர் போர்த்திக்கொண்டு கிடந்தார். உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலிக்கிறது, அனலாகக் கொதிக்கிறது என்று புலம்பினார்கள். எல்லாம் காற்றுதானாம். தூசி என்றைக்கு உடம்பைக் கொதிக்க வைத்தது என்று நான் கேட்டால், படித்த திமிர் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என் மாணவிகள் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிற விஷயத்தை என் தெருவில் ஒருத்தருக்கும் புரியவைக்க முடியவில்லை.

தெரு எப்படியோ போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் எங்கள் வீட்டில் தலை நிற்காத ஒரு குழந்தை இருந்தது. தங்கை பிரசவத்துக்கு வந்து பெற்ற பையன். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு இந்த ஃப்ளூ காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட முடியாது. வயிற்றில் இருக்கும்போதே நீ போட்டுக்கொள், அது பிள்ளைக்கும் காவல் என்று தங்கையிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். மாமியார் வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது.

அப்பா சுரங்கத்தில் பாறை துளைத்தவர். நுரையீரலில் பாதி அந்தப் பாறையின் பொடிதான். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இருமுகிறார். அந்த இருமல் எங்கள் வீட்டுக் கடிகாரம் மாதிரி, அதன் சத்தத்தை யாரும் தனியாகக் கேட்பதில்லை. ஆனால் இது வேறு இருமல். எனக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, வழக்கம்போலப் பேரனை மடியில் போடச் சொல்லிக் கையை நீட்டினார். நான் குறுக்கே நின்று, காய்ச்சல் போகும்வரை குழந்தையைத் தொட வேண்டாம் என்றேன்.

"இன்னாமா நீ, நாப்பது வருசமா இருமிகினு கீறேன். உங்கம்மாவுக்கு வந்துச்சா, உனக்கு வந்துச்சா? தூசிமா இது. ஒட்டாது."

பழைய இருமலைப் பற்றி அவர் சொன்னது அத்தனையும் உண்மை. உண்மையை வைத்துக்கொண்டு தப்பு பேசுகிறவரிடம் வாதாடுவதைப் போலக் கொடுமை வேறில்லை. அம்மா இஞ்சி தட்டிக்கொண்டே அவர் சொல்வதும் சரிதானே என்றாள். தங்கை போனில் எதையோ படித்துவிட்டு, கற்பூரத்தைத் துணியில் முடிந்து தொட்டிலில் கட்டினால் போதுமாம் என்றாள். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

அன்றைக்கே அவரை இழுக்காத குறையாக மருத்துவரிடம் கூட்டிப்போனேன். இந்த நுரையீரலோடு இந்தக் காய்ச்சல் விளையாட்டல்ல என்று சொல்லி மாத்திரை எழுதினார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவைக் கட்டிலில் உட்காரவைத்து, வகுப்பில் பேசுகிற குரலை எடுத்தேன்.

வைரஸ் ஒரு ஊமத்தங்காய் மாதிரி என்றேன். மேலெல்லாம் முள். முள்ளில் இரண்டு தினுசு. ஒன்று நம் செல்லின்மேல் ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைவதற்கு. மற்றது, வெளியே போகும்போது அந்த ஒட்டுதலை அறுத்துவிடுவதற்கு. உள்ளே எட்டுத் துண்டு ஆர்.என்.ஏ., கூடவே நகலெடுக்கிற புரதம் கொஞ்சம். வாய் கிடையாது, வயிறு கிடையாது, வெளியே கிடந்தால் ஒன்றும் செய்யத் தெரியாது. செல்லுக்குள் போனதும் உட்கருவரை இறங்கி, நம் செல்லின் சரக்கையும் கருவிகளையும் எடுத்துக்கொண்டு தன்னையே நகல் எடுக்கும். நகல் எடுப்பதிலும் ஏகப்பட்ட பிழை விடும், அதனால்தான் ஆளே மாறிக்கொண்டு மறுபடி வருகிறது, ஊசியையும் வருடா வருடம் மாற்ற வேண்டியிருக்கிறது. கடைசியில் நம் செல்லின் கொழுப்புத் தோலையே பிய்த்துப் போர்த்திக்கொண்டு கூட்டம் கூட்டமாக வெளியே வரும்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. மெஷின் கம்பெனியுடையது, சரக்கும் கம்பெனியுடையது, லாபம் மட்டும் கான்ட்ராக்ட்காரனுக்கா என்றார். அப்படித்தான் என்றேன். மாத்திரை என்ன செய்யும் என்று கேட்டார். அந்த அறுக்கிற முள்ளைப் பிடித்துக்கொள்ளும், புதிதாக வந்தவை வெளியே போக முடியாமல் செல்லின்மேலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும் என்றேன். ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவனைக் கேட்டில் நிறுத்தித் தங்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி என்று தொடையில் தட்டிக்கொண்டார். ரொம்ப நன்றாகப் புரிந்ததாம். புரிந்த சந்தோஷத்தில் வாயைக்கூட மூடாமல் தொட்டில் பக்கம் திரும்பி இருமினார்.

நான் பாடம் நடத்தி வீணாய்ப்போன நாட்களில் அதற்குத்தான் முதலிடம்.

"அப்பா, தூசி உள்ளே போனா போன இடத்துல கெடக்கும். அது குட்டி போடாது. இது போடும். நீங்க இருமினா அந்தக் குட்டிங்கதான் அவன் மூக்குக்குப் போகும்," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. அம்மா என்னைத்தான் முறைத்தாள்.

அவரை முன்னறைக்கு மாற்றினேன். மாஸ்க் கொடுத்தேன், அதைத் தாடையில் மாட்டிக்கொண்டார். டம்ளர் கலந்துவிடக் கூடாது என்று தங்கையின் நகப்பூச்சை எடுத்து ஒரு எவர்சில்வர் டம்ளரின் அடியில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்து அவருக்குக் காப்பி கொடுத்தேன். கல்லூரியிலிருந்து வந்து பார்த்தால் காப்பி அப்படியே ஆடை படிந்து இருந்தது. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றாள் அம்மா. காய்ச்சல்காரர் தண்ணீர் குடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் கத்த ஆரம்பித்தேன். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"அந்த டம்ளர எடுத்துடு," என்றாள் அம்மா. "குடியாத்தத்துல வச்சாங்களே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. நினைக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். குடியாத்தத்தில் சொந்தக்காரர் கல்யாணம். அப்பா இருமுவதைப் பார்த்து டி.பி. என்று முடிவுகட்டி, அவருக்கு மட்டும் கிணற்றடியில் ஓர் அலுமினிய டம்ளர் வைத்தார்கள். தூசிதான், டி.பி. இல்லை, ஒட்டாது என்று அவர் பந்தியில் நின்று ஒவ்வொருவரிடமாகச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊருக்கு வந்து ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்து, தூசிதான் என்று எழுதி வாங்கினார். ஒட்டாது என்பது அவருக்கு மருத்துவம் இல்லை, மானம். அதைத்தான் நான் முள், ஆர்.என்.ஏ. என்று பேசி உடைக்கப் பார்த்திருக்கிறேன்.

எரிச்சல் போய்விடவில்லை. வைரஸுக்கு மானமும் தெரியாது, குடியாத்தமும் தெரியாது. ஆனால் டம்ளர் விஷயத்தில் நான் செய்தது மடத்தனம் என்பதைப் பாடமே சொன்னது. வைரஸின் மேல்தோல் கொழுப்பு. சோப்பு பட்டால் கரைந்து பிரிந்துவிடும், அப்புறம் அது வெறும் குப்பை. பொட்டைச் சுரண்டி எடுத்து, டம்ளரைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, அவர் எதிரிலேயே அதில் தண்ணீர் மொண்டு நான் குடித்தேன். மறுபடி கழுவி அவருக்கு மொண்டு கொடுத்தேன். டம்ளருக்குச் சோப்பு போதும்பா, மூச்சுக்கு சோப்பு போட முடியாது, அதுக்குத்தான் மாஸ்க் என்றேன். அவர் தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டு மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டார்.

அதன்பிறகு நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருமல் வந்தால் எழுந்து வாசலுக்குப் போனார். உள்ளே குழந்தை சிணுங்கினால் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நாக்கைத் தட்டி ஓசை கொடுத்தார். குழந்தைக்குக் காய்ச்சல் வரவில்லை. அது அப்பாவாலா, மாத்திரையாலா, வெறும் அதிர்ஷ்டமா என்று என்னால் சொல்ல முடியாது. கற்பூரம் என்று தங்கை சொல்கிறாள்.

காய்ச்சல் விட்டு, மருத்துவர் சொன்ன நாட்களும் கழிந்து, பயமில்லை என்று அவரும் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் அப்பா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பழைய இருமல் ஒன்று எழுந்து அடங்கியது. எனக்குத் தெரிந்த இருமல். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் எதிரில் நின்றேன். அவர் கையை நீட்டவில்லை.

"இப்ப கீற இருமல் என்னுது மட்டுந்தானே?" என்றார்.

ஆமாம், உங்களுடையது மட்டும்தான் என்று சொல்லி மடியில் போட்டேன்.